அடிவானம் காட்டும் கருவி: சுழலும் ஜைரோவா, கண்ணாடித் திரையா?

பழைய செஸ்னா 172 சிறு விமானத்துக்குப் புது பேனல் (கருவிப் பலகை) போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எது துல்லியம்?" என்றுதான். பழைய சுழலும் ஜைரோ, புதிய மின்னணுக் கண்ணாடித் திரை: பறப்பதற்குத் தேவையான துல்லியம் இரண்டிலுமே உண்டு. மேகத்துக்குள் நுழைந்து, வெளியே எதுவும் தெரியாத நேரத்தில் கருவி கெட்டால் எப்படிக் கெடும்? நான் பார்ப்பது அதைத்தான். அந்த ஒரு விஷயத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

விமானம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று சொல்வது அடிவானம் காட்டும் கருவி; பழைய பேனலில் அதற்குள் இருப்பது ஜைரோ என்ற ஒரு பம்பரம். சுழலும் வரை தன் அச்சை விடாது. விமானம் அதைச் சுற்றிச் சாயும். அதைச் சுழற்றுவது என்ஜினோடு சேர்ந்து ஓடும் வேக்கம் பம்ப் இழுக்கும் காற்று. திசை காட்டும் ஜைரோவுக்கும் அதே பம்ப்தான். பம்ப் இழுக்கும் விசையைக் காட்ட பேனலில் உள்ள சிறிய சக்ஷன் கேஜில் முள் 4.5-க்கும் 5.5-க்கும் (பாதரச அங்குலம்) நடுவில் நிற்க வேண்டும்.

இந்த பம்ப்பின் உள்ளே கிராஃபைட் தகடுகள். தேய்ந்து தேய்ந்து ஒரு நாள் முன்னறிவிப்பில்லாமல் உடையும். பம்ப் நின்றாலும் ஜைரோ உடனே நிற்காது. சில நிமிடங்கள் வேகம் குறைந்துகொண்டே சுழலும். அடிவானக் கோடு மெல்ல, மிக மெல்லச் சாயும். விமானி "இடது பக்கம் சாய்கிறது போல" என்று நினைத்து வலது பக்கம் திருப்புவார். கோடு இன்னும் சாயும், அவரும் இன்னும் திருப்புவார். சக்ஷன் கேஜோ பெரும்பாலும் கண் போகாத மூலையில் இருக்கும். விமானம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காட்டும் டர்ன் கோஆர்டினேட்டரை மட்டும் மின்சாரத்தில் ஓடவிட்டிருப்பது இதற்காகத்தான். அது சொல்வதும் அடிவானம் காட்டுவதும் ஒத்துப்போகவில்லை என்றால் ஏதோ ஒன்று பொய்.

கண்ணாடித் திரையில் சுழலும் பாகமே இல்லை. நுண்ணிய சிலிக்கான் சில்லு ஒன்று அதிர்ந்துகொண்டே இருக்கும். விமானம் திரும்பும்போது அந்த அதிர்வு விலகுவதை அளந்து, முடுக்கமானி, காந்தமானி தரும் தகவலோடு சேர்த்து, கணினி அடிவானத்தை வரைகிறது. தன் கணக்கே தனக்கு ஒத்துவராவிட்டால் நீல வானத்தையும் பழுப்பு நிலத்தையும் அழித்துவிட்டுத் திரை முழுக்கச் சிவப்புப் பெருக்கல் குறி போடும். இந்தச் சிவப்புக் குறிக்காகவே நான் கண்ணாடித் திரையின் பக்கம். செத்துவிட்டேன் என்று நேராகச் சொல்லிவிடுகிறது, பாருங்கள்.

எப்போதும் சொல்லுமா என்றால், இல்லை. 1978 ஜனவரி 1 இரவு பம்பாயிலிருந்து துபாய் கிளம்பிய ஏர் இந்தியா 747-இல் இருந்தது பழைய வகைக் கருவி; அதில் தலைமை விமானியின் அடிவானக் கருவி, விமானம் நேரான பிறகும் வலது சாய்வையே காட்டியது. அவர் இடதுபுறம் திருப்பிக்கொண்டே போக, கிளம்பி இரண்டு நிமிடம்கூட ஆகாத நிலையில் விமானம் அரபிக்கடலில் விழுந்தது. 213 பேர் இறந்தார்கள். 2016 ஜனவரி 8 அன்று ஓஸ்லோவிலிருந்து டிரோம்சோவுக்குத் தபால் ஏற்றிப்போன வெஸ்ட் ஏர் ஸ்வீடன் விமானத்தில் இருந்தது முழு கண்ணாடி காக்பிட். அதிலும் தலைமை விமானியின் திரை மூக்கு மேலே போவதாகப் பொய் காட்டியது. அவர் கீழே அழுத்தினார். துணை விமானியின் திரை காட்டியது சரி. இரண்டும் முரண்படுகின்றன என்ற எச்சரிக்கை எங்கே போனது? அசாதாரண சாய்வின்போது தேவையில்லாத குறிகளை மறைக்கும் மென்பொருள், அதையும் சேர்த்து மறைத்துவிட்டது. இருவரும் உயிரிழந்தார்கள்.

வேகமும் உயரமும் வேறு கதை. அங்கே போட்டியே கிடையாது, ஏனென்றால் திரை எவ்வளவு புதிதானாலும் காற்றை வாங்குவது அதே பிட்டோ குழாயும் (எதிர்க்காற்றுக்கு) ஸ்டாட்டிக் துளையும்தான் (சுற்றுக் காற்றழுத்தத்துக்கு). குழாயும் அதன் வடிகால் துளையும் பனியில் அடைபட்டால் வேகமானி உயரமானி போல நடந்துகொள்ளும்: மேலே ஏறினால் வேகம் கூடியதாகக் காட்டும். 2009-இல் அட்லாண்டிக்கில் 228 பேரோடு விழுந்த ஏர் பிரான்ஸ் ஏ330-இல் பனி அடைத்தது இந்தக் குழாய்களைத்தான். ஒரே ஒரு சின்ன சலுகை பழைய பேனலுக்கு உண்டு. ஸ்டாட்டிக் துளை அடைபட்டு, மாற்று வால்வும் இல்லாவிட்டால், ஏறுவீதக் கருவியின் கண்ணாடியை உடைத்து உள்ளே கேபின் காற்றை விடலாம். திரையை உடைத்தால் பில் மட்டும்தான் வரும்.

அமெரிக்காவில் போக்குவரத்து விபத்துகளை விசாரிக்கும் அரசு அமைப்பான என்டிஎஸ்பி 2010-இல் வெளியிட்ட ஆய்வு, 2002 முதல் 2006 வரை தயாரான 8,000-க்கும் மேற்பட்ட சிறு விமானங்களைப் பார்த்தது. கண்ணாடி காக்பிட் விமானங்களில் மொத்த விபத்து வீதம் குறைவு. உயிரிழப்பு விபத்து வீதம் அதிகம். அவற்றை மோசமான வானிலையில், நீண்ட பயணத்துக்கு எடுத்துப்போவது அதிகம் என்பதும் இதில் சேரும். ஆகவே திரைமீது மட்டும் பழிபோட முடியாது.

காசு கொடுத்துப் போடுவதானால் நான் வேக்கம் பம்ப்பைக் கழற்றிவிட்டு, தனித்தனி பேட்டரி உள்ள இரண்டு சிறு திரைகள் போடுவேன். ஒரே பெரிய திரை வேண்டாம். டர்ன் கோஆர்டினேட்டரைக் கழற்ற மெக்கானிக் கை வைத்தால் தடுப்பேன். இரண்டு திரையும் ஆளுக்கொன்று காட்டும்போது யார் பக்கம் நிற்பது என்று சொல்ல மூன்றாவதாக ஒன்று வேண்டும்.