'வைரஸ்' என்று சொல்லி 2,800 ரூபாய் வாங்கினார்கள். ஃபைலைப் பிடித்திருந்தது எக்செல்தான்

ஒரு ஃபைலின் பெயரை மாற்றப் போனாலோ அழிக்கப் போனாலோ "இது வேறொரு புரோகிராமில் திறந்திருக்கிறது" என்று கம்ப்யூட்டர் சொன்னால், சிபியுவைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்கு ஓடாதீர்கள். நான் ஓடினேன்.

திண்டுக்கல்லில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் 19ஆம் தேதி ராத்திரி. விடிந்தால் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். கொள்முதல் கணக்கு இருக்கும் எக்செல் ஃபைலை ஆடிட்டருக்கு அனுப்ப வேண்டும். பெயர் மாற்றினால் மாறவில்லை, திறந்தால் ரீட் ஒன்லி, அதாவது படிக்க மட்டும்தான் முடியும் என்கிறது. இத்தனைக்கும் திரையில் எக்செல் திறந்தே இல்லை. பதற்றத்தில் கம்ப்யூட்டரை அணைத்து, காலையில் வண்டியில் வைத்துக் கொண்டுபோனேன்.

கடைக்காரர் நான் சொன்னதைக் கேட்டார். "ஃபைல் லாக் ஆகுதா? ரேன்சம்வேர் வைரஸ் சார். விட்டா எல்லாத்தையும் பூட்டிரும். எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மட் போட்டாத்தான் ஆகும், டி டிரைவையும் சேர்த்து" என்றார். எந்த ஃபைல் என்றுகூடக் கேட்கவில்லை. சாயங்காலம் 2,800 ரூபாய். பில் கேட்டேன். "பில் போட்டா 18 சதவீதம் கூட ஆகும் சார்." நானும் வியாபாரி, அந்தப் பதிலின் அர்த்தம் எனக்குத் தெரியும். ஆனாலும் பேசாமல் வந்துவிட்டேன், அது என் தப்பு.

என்னிடம் இருந்த பேக்கப் இரண்டு மாதம் பழையது. பெயிண்ட் கம்பெனி பில்களை எல்லாம் பரப்பி வைத்து நானும் வீட்டம்மாவும் மறுபடி டைப் செய்தோம். 3பி ஆறு நாள் தாமதம். நாளுக்கு 50 வீதம் 300 ரூபாய் லேட் ஃபீஸ், வட்டி தனி.

இந்த மாதம் அதே ஃபைல், அதே கதை. நல்லவேளையாக அக்கா மகன் வீட்டில் இருந்தான். "மாமா, கையை எடுங்க" என்று கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினான். ஓடுகிற புரோகிராம்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜர் வந்தது. பின்னணியில் ஓடுகிறவற்றில் எக்செல் ஒன்று உட்கார்ந்திருந்தது. எங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் கணக்கை எக்செலுக்கு மாற்றும்போது கண்ணுக்குத் தெரியாமல் எக்செலைத் திறக்கிறது, வேலை முடிந்தும் சில சமயம் மூடுவதில்லை. அவன் 'எண்ட் டாஸ்க்' கொடுத்தான். ஃபைல் விடுபட்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று ராத்திரி கம்ப்யூட்டரை அணைத்தேனே, அந்த நிமிடமே பூட்டு அவிழ்ந்திருக்கும்! சர்வீஸ் கடைக்குப் போய்ச் சேர்ந்தது நல்ல கம்ப்யூட்டர்.

எந்த புரோகிராம் பிடித்திருக்கிறது என்று தெரியாவிட்டால், ஸ்டார்ட்டில் 'ரெஸ்மான்' (resmon) என்று ஆங்கிலத்தில் அடித்தால் ரிசோர்ஸ் மானிட்டர் திறக்கும். சிபியு பக்கத்தில் 'அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்' என்ற இடத்தில் ஃபைல் பெயரைத் தேடினால், பிடித்திருப்பவரின் பெயர் வந்துவிடும். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் போட்டுக்கொண்டால் இன்னும் சுலபம். அதில் ஃபைல் லாக்ஸ்மித் என்று ஒன்று, ஃபைல் மேலேயே ரைட் கிளிக் செய்து பார்க்கலாம். பாதிநேரம் குற்றவாளி ஃபோல்டரின் பிரிவியூ பகுதியாகவோ, படம் ஓடிக்கொண்டிருக்கும் பிளேயராகவோ, ஃபைலை மேலேற்றிக்கொண்டிருக்கும் ஒன்டிரைவாகவோ இருக்கும்.

மூடும் முன் ஒரு விஷயம்: அந்த புரோகிராமில் சேவ் செய்யாதது இருந்தால் போய்விடும். பட்டியலில் சிஸ்டம், எஸ்விசிஹோஸ்ட் (svchost) என்று விண்டோஸின் சொந்த புரோகிராம்கள் வந்தால் தொடாமல் ரீஸ்டார்ட் கொடுங்கள். கூகுளில் தேடி, கண்ட தளத்திலிருந்து 'அன்லாக்கர்' இறக்க வேண்டாம், கூடவே வேண்டாததும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

நிஜ ரேன்சம்வேர் வந்தால் பெரும்பாலும் ஃபைல் பெயரின் வால் (.xlsx போன்றது) மாறியிருக்கும், பணம் கேட்டு ஒரு குறிப்பு கிடக்கும். என்னுடையதில் இரண்டுமே இல்லை.

நேற்று அந்தக் கடைக்குப் போய்க் கேட்டேன். "ஃபார்மட் போட்டதுக்கப்புறம் சரியாயிடுச்சுல்ல சார்?" என்றார். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடிக்கலாம் என்று பார்த்தால், கையில் பில் இல்லை.