ஒரே கதை, ஒரே வருடம், இரண்டு க்யூபிட்

ரோமானியர்களின் காதல் தெய்வம் க்யூபிட் இரவில் மட்டும் சைக்கி என்ற மானிடப் பெண்ணிடம் வருவான், முகத்தைக் காட்ட மாட்டான், விடிவதற்குள் போய்விடுவான். 2-ஆம் நூற்றாண்டில் அப்புலியஸ் லத்தீனில் எழுதிய கதை. அவன் கிளம்பும் அந்த நேரத்தை இரண்டு பிரெஞ்சு ஓவியர்கள் 1817-இல் வரைந்திருக்கிறார்கள்.

பிகோ வரைந்தது பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இறக்கை விரித்த அழகான இளைஞன் கட்டிலை விட்டு இறங்கியபடி, தூங்கும் சைக்கியைப் பாசத்தோடு திரும்பிப் பார்க்கிறான். எல்லாம் வழுவழுப்பு, எல்லாம் மென்மை. பார்த்ததும் பிடித்துவிடும்.

டாவிட் வரைந்தது அமெரிக்காவில், கிளீவ்லாண்டில். நெப்போலியன் வீழ்ந்தபின் பிரஸ்ஸல்ஸில் நாடு கடந்து வாழ்ந்த காலத்தில், சொம்மாரிவா என்ற இத்தாலியச் சேகரிப்பாளருக்காக வரைந்தார். இதில் க்யூபிட் தெய்வமாகவே தெரியவில்லை, பக்கத்துத் தெருப் பையன் மாதிரி நம்மை நேராகப் பார்த்து இளிக்கிறான், தன் தொடைமேல் கிடக்கும் அவள் கையை மெல்ல விலக்கப் பார்க்கிறான், அவளோ ஒன்றும் தெரியாமல் தூங்குகிறாள். அவள் தலைக்கு மேலே ஒரு சின்னப் பட்டாம்பூச்சி, கிரேக்கர்களுக்கு அது ஆன்மாவின் அடையாளம்.

அந்த இளிப்பைச் சகிக்க முடியாதவர்கள் அப்போதே இருந்தார்கள். சரி, அழகு வேண்டுமென்றால் பிகோதான். ஆனால் என் ஓட்டு டாவிட்டுக்கு, ஏனென்றால் முகம் காட்டாமல் ஒரு பெண்ணை இருட்டிலேயே வைத்திருக்கும் காதலனை இவ்வளவு நேர்மையாக வேறு யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை.