கார்க் காட்டு டூர், அப்புறம் அங்க வாங்கின பை, யோகா பிளாக்: முழு ரிவ்யூ

அப்பா லிஸ்பனுக்கு வந்து பத்து நாள் ஆச்சு, கோட்டை, டிராம், கடற்கரை எல்லாம் காட்டியாச்சு, எதப் பாத்தும் பெருசா வாய் திறக்கல. குலசேகரம் பக்கத்துல முப்பது வருஷம் ரப்பர் பால் வெட்டினவர் அவர். இவர மரம் இருக்குற இடத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்னு தோணி, 2025 ஜூன்ல கொருஷ் ஊர் பக்கம் கார்க் காட்டுல அரை நாள் டூர் ஒண்ணு புக் பண்ணேன். லிஸ்பன்ல இருந்து கார்ல ஒரு மணி நேரம். ஆளுக்கு 45 யூரோ. ஒரு குடும்பம் தங்களோட சொந்த எஸ்டேட்ல நடத்துறது. மொதல்லயே சொல்லிடறேன், இந்த ஊர்ல நான் காசு குடுத்துப் பாத்ததுல மனசு நிறைஞ்சு திரும்பி வந்தது இதுக்குத்தான்.

காலைல ஏழு மணிக்கே வரச் சொல்லிடுவாங்க, லேட்டா போகாதீங்க. பட்டை உரிக்கறவங்க விடிஞ்சதுமே வேலைய ஆரம்பிச்சு வெயில் ஏறுறதுக்குள்ள முக்கால்வாசி முடிச்சிடறாங்க, ஒன்பதரைக்கு மேல போனா அவங்க சாப்பாட்டு நேரத்தத்தான் பாக்க முடியும். அந்த மரத்துக்கு இங்க சொப்ரெய்ருன்னு பேரு, ஓக் மரத்துல ஒரு வகை, பட்டை மட்டும் நல்ல தடிமனா இருக்கும். அந்தப் பட்டைதான் நம்ம தக்கை, கார்க், ஒயின் பாட்டிலுக்கு மூடி செய்யறது. மரத்த வெட்டி எடுக்கறதுன்னுதான் நான் ரொம்ப நாள் நெனச்சிட்டிருந்தேன், நெறைய பேர் அப்படித்தான் நெனைக்கறாங்க. மரத்த வெட்டவே மாட்டாங்க. பட்டைய மட்டும் உரிப்பாங்க, அது திரும்ப வளரும், ஒன்பது வருஷம் கழிச்சு திரும்ப உரிப்பாங்க. ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி கை வைக்கக் கூடாதுன்னு போர்ச்சுகல்ல சட்டமே இருக்கு.

கைடு ஒரு வயசான அம்மா, இங்கிலீஷ் மெதுவா, தெளிவா பேசினாங்க, நான் அப்பாவுக்குத் தமிழ்ல சொல்லிட்டே வந்தேன். மரம் நட்டு சுமார் 25 வருஷம் ஆன பிறகுதான் முதல் பட்டை, அதுவும் தரையில இருந்து 1.30 மீட்டர் உயரத்துல சுத்தளவு 70 சென்டிமீட்டர் வந்திருக்கணும். இதச் சொன்னதும் அப்பா நின்னுட்டார். ஏன்னா நம்மூர்ல ரப்பர் மரத்த ஏழாவது வருஷம் வெட்டத் தொடங்கி முப்பது வருஷத்துக்குள்ள அடியோட சாய்ச்சு தடிக்கு வித்துடுவாங்க, அந்த வயசுல இங்க மரம் அப்பத்தான் முதல் தடவ பட்டை குடுக்குது. அந்த முதல் பட்டையும் கரடுமுரடா இருக்கும், பாட்டில் மூடிக்கு ஆகாது. ரெண்டாவதும் ஆகாது. மூணாவது உரிப்புல, அதாவது மரத்துக்கு 43 வயசு ஆகும்போதுதான் நல்ல மூடிக்கான பட்டை வரும். நட்டவர் மூடி செய்யற பட்டைய பாக்கறது அபூர்வம், பேரப்பிள்ளைக்காகத்தான் நடறாங்க. நல்லா பாத்துக்கிட்டா மரம் 200 வருஷம் நிக்கும்.

அடுத்து கோடாலி. இதுதான் டூரோட உயிர், இந்த ஒரு மணி நேரத்துக்கே 45 யூரோ குடுக்கலாம். ஒரு மரத்துக்கு ரெண்டு பேர், ஒருத்தர் கீழ, ஒருத்தர் கிளைக் கவட்டுல ஏறி நிக்கறார். பட்டையில ஏற்கெனவே ஆழமா வெடிச்சிருக்குற கோடு பாத்து அதுல மேல இருந்து கீழ வெட்டு போடறாங்க, கோடாலி நுனிய உள்ள விட்டு லேசா திருப்பறாங்க, அப்புறம் எவ்வளவு உயரம் எடுக்கணுமோ அங்க குறுக்க ஒரு வெட்டு, பிறகு கோடாலிக் காம்போட அடி நுனி ஆப்பு மாதிரி சீவியிருக்கும், அத உள்ள குடுத்து நெம்பினா பெரிய ஓடு மாதிரி முழுசா கழண்டு வருது. உள்ள மரம் மஞ்சளும் ரோஸும் கலந்த நெறத்துல ஈரமா நிக்குது, பாக்கவே கூச்சமா இருக்கும். சில நாள்ல அது செவந்து அப்புறம் கறுத்துப் போகும். இதுல கோடாலி ஒரு நூல் ஆழமா இறங்கிட்டாலும் பட்டைக்கு அடியில இருக்குற உயிர்த்தோல்ல காயம் பட்டு அந்த இடத்துல ஒழுங்கா பட்டை வராது, மரத்துக்கு சீக்கும் வரும். அதனாலதான் வருஷக்கணக்கா பழகினவங்க மட்டும் செய்யறாங்க, விவசாய வேலைகள்ல கூலி அதிகம் கிடைக்கற வேலைகள்ல இதுவும் ஒண்ணு.

அப்பா கிட்ட போய் கைய பின்னாடி கட்டிட்டு பத்து நிமிஷம் அசையாம பாத்தார். பிறகு என்னப் பாத்து, "மக்களே, சத்தத்தக் கேளு. இப்பம் அவன் திருப்புன ஒடனே பொள்ளையா சத்தம் கேட்டுதுலா, இந்தப் பட்டை லேசுல விடும் பாரு"ன்னார். பொள்ளைன்னா உள்ள காலியா இருக்குற மாதிரி. அடுத்த மரத்துல, "இதுல சத்தம் இறுகி இருக்கு, விடாது"ன்னார். அப்படியே நடந்துச்சு, ரெண்டாவது மரத்துல ரெண்டு பேரும் கொஞ்சம் முயற்சி பண்ணிட்டு விட்டுட்டாங்க, பலவந்தமா இழுத்தா உயிர்த்தோலும் சேந்து வந்துடும்னு. நான் கைடு அம்மாகிட்ட கேட்டேன், ஆமா, வேலைக்காரங்க காது குடுத்துக் கேக்கறது அதத்தான், பொள்ளல் சத்தம்னா வரும், இறுக்கமான சத்தம்னா கஷ்டம்னு சொன்னாங்க. கோடாலிக்காரருக்கு விஷயம் தெரிஞ்சதும் இறங்கி வந்து அப்பா கையப் பிடிச்சு உள்ளங்கையத் திருப்பிப் பாத்தார். பேச்சு புரியாது, ஆனா ரெண்டு பேரும் கையால காட்டிக் காட்டி கத்தி எப்படிப் பிடிக்கறது, எவ்வளவு ஆழம்னு ரொம்ப நேரம் பேசிட்டிருந்தாங்க. (சாவி, ஜன்னல், அலமாரி, மேஜை எல்லாம் போர்ச்சுகீஸ்ல இருந்து நமக்கு வந்த வார்த்தைங்க, அப்பா "சாவி"ன்னு சொன்னதும் அவருக்குப் புரிஞ்சு போச்சு, அப்ப அவர் முகத்துல ஒரு சந்தோஷம்.)

உரிச்ச மரத்துல வெள்ளை பெயின்ட்ல ஒரு நம்பர் எழுதறாங்க, அந்த வருஷத்தோட கடைசி இலக்கம். நாங்க பாத்த மரத்துக்கு 5. பக்கத்துல 1, 8 எல்லாம் நிக்குது, 8னு இருந்தா 2018-ல உரிச்சது, 2027-லதான் அடுத்தது. இந்த நம்பர்கள வாசிச்சுக்கிட்டே காட்டுக்குள்ள நடக்கறது எனக்கு ரொம்பப் பிடிச்சுது.

காடுன்னு சொல்றேன், ஆனா அடர்ந்த காடு இல்ல. மரம் தள்ளித் தள்ளி நிக்கும், கீழ புல்லு, ஆடு மாடு மேயும், குளிர்காலம் வந்தா கறுப்புப் பன்னிங்க ஓக் கொட்டைய தின்னும், வடக்க இருந்து கொக்கு மாதிரி பெரிய பறவைங்க, கிரேன், அதே கொட்டைக்காக வந்து இறங்கும். இந்த அமைப்புக்கு இங்க மொந்தாதுன்னு பேரு. ஐபீரியன் லிங்க்ஸ்னு ஒரு காட்டுப்பூனை 2002 வாக்குல நூத்துக்கும் கீழ போயிடுச்சு, இப்ப கணக்கு ரெண்டாயிரத்த தாண்டி 2024-ல அபாயப் பட்டியல்ல ஒரு படி கீழ இறக்கினாங்க, அதுக்கு இந்த மாதிரி ஓக்கும் புதரும் கலந்த நிலம்தான் வேணும். இதெல்லாம் வேலி போட்டுப் பூட்டி வச்ச சரணாலயம் இல்ல, பெரும்பாலும் தனியார் நிலம். அப்ப மரம் ஏன் நிக்குது? பட்டைக்கு விலை இருக்கறதால நிக்குது. அப்பாவுக்கு இத நான் விளக்கவே வேண்டியிருக்கல. 2011-ல கிலோ 200 ரூபாய்க்கும் மேல போன ரப்பர் அப்புறம் நூறுக்கு இறங்கினப்ப எங்க பக்கத்துல எத்தன தோட்டம் வெட்டாம கெடந்துச்சு, எத்தன பேர் மரத்த சாய்ச்சாங்கன்னு அவர் கண்ணால பாத்தவர். "விலை போச்சுன்னா மரமும் போச்சு மக்களே"ன்னு அவர் சொன்னத கைடு அம்மாகிட்ட மொழிபெயர்த்தேன், அவங்க தலைய ஆட்டிட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

ஏன்னா இங்கயும் அந்த பயம் வந்துச்சு. ஒயின் பாட்டில்ல சில சமயம் ஈரத்துணி மாதிரி ஒரு பூஞ்சை வாடை வரும், டி.சி.ஏ.ன்னு ஒரு ரசாயனம், கார்க்ல இருந்து வர்றது. அதக் காரணம் காட்டி 1990கள் கடைசியில இருந்து நெறைய கம்பெனிங்க பிளாஸ்டிக் மூடிக்கும் திருகு மூடிக்கும் போயிட்டாங்க. புகார் நியாயமானதுதான், அத மறைக்க வேண்டியதில்ல. 2006-ல டபிள்யூ.டபிள்யூ.எஃப்.ங்கற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு, இது இப்படியே போனா பத்து வருஷத்துல மேற்கு மத்தியதரைக்கடல் பகுதி கார்க் காட்டுல முக்கால்வாசி வரைக்கும் போயிடலாம்னு எச்சரிச்சுது. கார்க் தொழில்ல இருக்கறவங்க பட்டைய வேகவைக்கற முறையில இருந்து ஒவ்வொரு மூடியா சோதிக்கற மெஷின் வரைக்கும் மாத்தி அந்தக் குறைய ரொம்பவே கொறச்சுட்டாங்க, மார்க்கெட்டும் திரும்ப வந்துச்சு. கார்க் ஏற்றுமதியில கிடைக்கற பணத்துல சுமார் 70 சதவீதம் இந்த பாட்டில் மூடியில இருந்துதான் வருது. நான் ஒயின் குடிக்கறதில்ல. ஆனா குடிக்கற ஃப்ரெண்ட்ஸ்கிட்ட நிஜ கார்க் போட்ட பாட்டிலா பாத்து வாங்குங்கன்னு இப்ப கண்டிப்பா சொல்றேன்.

மரத்துக்கு ஆபத்து விலை மட்டும் இல்ல. வறட்சி கூடிட்டே போகுது, வேர அழுகச் செய்யற ஒரு கிருமி இருக்கு, ட்ராக்டர் போட்டு ஆழமா உழுதா வேர் அறுந்து போகுது. யூக்கலிப்டஸ் வேற, காகித ஆலைக்காக நாடு முழுக்க நட்டு இப்ப போர்ச்சுகல்ல அதிக பரப்பு அந்த மரத்துக்குத்தான். 2017 ஜூன்ல பெத்ரோகாவ் கிராந்தே தீயில 66 பேர் செத்தாங்க, அந்தப் பக்கம் முழுக்க பைனும் யூக்கலிப்டஸும். கார்க் பட்டை தீய தாங்கும், மரம் கருகினாலும் மேல இருந்து திரும்பத் துளிர்க்கும், புதுசா உரிச்ச மரம் தீயில தாங்கறது கஷ்டம். 2011 டிசம்பர்ல பார்லிமென்ட் சொப்ரெய்ருவ தேசிய மரமா அறிவிச்சுது, அனுமதி இல்லாம சொந்த நிலத்துலயே வெட்ட முடியாது.

இப்ப சாமான்கள். எஸ்டேட் கடையில மூணு வாங்கினேன், எட்டு மாசமா தெனமும் புழங்கறேன்.

தோள் பை, 42 யூரோ. கார்க்க காகிதம் மாதிரி மெல்லிசா சீவி பருத்தித் துணி மேல ஒட்டித் தைக்கறாங்க. எடையே இல்ல, மழையில நனைஞ்சா துடைச்சா போதும், தொட்டா தோல் மாதிரி இல்லாம வெதுவெதுப்பா இருக்கும், ஏன்னா கார்க் உள்ள கண்ணுக்குத் தெரியாத அறைங்க, ஒரு கன சென்டிமீட்டருக்கு சுமார் 4 கோடி, எல்லாத்துலயும் காத்து. (1665-ல ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில கார்க்க வச்சுப் பாத்துத்தான் 'செல்'னு பேரு வச்சார், நாம ஸ்கூல்ல படிச்சது.) குறைன்னா, மடியற மூலையில லேசா வெடிப்பு விழுந்திருக்கு, ஜிப்பும் சுமார்தான்.

யோகா பிளாக் ஜோடி, 24 யூரோ. மூடி குத்தி எடுத்த பிறகு மிஞ்சற துண்டுகள அரைச்சு அழுத்திச் செய்யறது. நம்ம கிரிக்கெட் பால் நடுவுல இருக்கறதும், ஃபெதர் ஷட்டிலோட தலையும் கார்க்தான், எதுவும் வீணாகறதில்ல, தூசியக் கூட எரிச்சு பாய்லர ஓட்டறாங்க. பிளாக் ஃபோம விட கனம், ஆனா வேர்த்த கையிலயும் வழுக்காது, அமுங்காது. அம்மாவுக்கு முட்டி வலி, வீடியோ கால்ல பாத்துட்டு அவங்களுக்கும் ஒரு ஜோடி கேட்டாங்க. மூணுல இதுக்குத்தான் என் ஓட்டு.

சூடான பாத்திரம் வைக்கற கறுப்பு வட்டம், 6 யூரோ. இது பசையே இல்லாம, நீராவி சூட்டுல கார்க்ல இருக்குற பிசினே இளகி ஒட்டிக்கறது, வீட்டுச் சுவருக்கு வெப்பம் தடுக்கவும் இதே பலகையத்தான் வைக்கறாங்க. முதல் வாரம் புகை வாடை அடிச்சுது, அப்புறம் போயிடுச்சு. குக்கர நேரா இறக்கி வைக்கறேன், ஒண்ணும் ஆகல.

ஒரு எச்சரிக்கை. இதுக்கு முன்னாடி லிஸ்பன்ல டூரிஸ்ட் தெருக்கடை ஒண்ணுல 'கார்க்'னு சொல்லி வித்த பர்ஸ் வாங்கி நாலே மாசத்துல மேல்பூச்சு உரிஞ்சு வந்துடுச்சு, அது பிளாஸ்டிக் மேல கார்க் படம் அச்சடிச்சது. நிஜ கார்க்ல ஒரு இடம் மாதிரி இன்னொரு இடம் இருக்காது, சின்னச் சின்ன கறுப்புத் துளையும் கீறலும் தாறுமாறா இருக்கும், அச்சுல ஒரே டிசைன் திரும்பத் திரும்ப வரும். விளிம்பு வெட்டின எடத்தயும் பாருங்க, கார்க்கும் துணியும் தனித்தனியா தெரியணும். தொட்டுப் பாருங்க, சில்லுனு இருந்தா வாங்காதீங்க.

டூர்ல குறைன்னு பாத்தா, பட்டைய ஆறு மாசம் வெளியில அடுக்கிக் காய வச்சு வேகவச்சு மூடியா குத்தற பகுதிய போட்டோ மட்டும் காட்டி முடிச்சிட்டாங்க, ஃபேக்டரி கூட்டிட்டுப் போயிருக்கலாம். டாய்லெட் கடைகிட்ட மட்டும்தான், நடுவுல ரெண்டு மணி நேரம் எதுவும் கிடையாது, வயசானவங்கள கூட்டிட்டுப் போறவங்க கவனிங்க. அதுக்கு அரை மார்க் கொறைச்சு 4.5/5.

திரும்பி வர வழியில நேரம் இருந்தா ஆகுவாஸ் தெ மோராவுல இருக்குற பெரிய மரத்தயும் பாருங்க, டிக்கெட் கிடையாது. 1783-ல நட்டது, கிளையில அடையற குருவிங்க சத்தத்தால 'விசிலடிக்கற மரம்'னு பேரு, 2018-ல ஐரோப்பாவோட சிறந்த மரமா தேர்ந்தெடுத்தாங்க. 1991-ல ஒரே உரிப்புல 1200 கிலோ பட்டை குடுத்திருக்கு, சாதாரண மரம் 40-60 கிலோதான் குடுக்கும். அப்பா அதச் சுத்தி ரெண்டு தடவ நடந்து, பட்டையத் தட்டித் தட்டிப் பாத்தார்.

புக் பண்றவங்களுக்கு: மே நடுவுல இருந்து ஆகஸ்ட் வரைக்கும்தான் உரிப்பு நடக்கும், மத்த மாசம் போனா வெறும் நடைதான். தொப்பி, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணி, மூடின ஷூ. கோடாலி ஓடும்போது குழந்தைங்கள கையப் பிடிச்சு வச்சுக்கோங்க. உரிச்ச மரத்தத் தொடாதீங்க, எங்க குரூப்ல ஒருத்தர் தொடப் போய் கைடு அம்மா ஓடி வந்து தடுத்தாங்க.