கப்பல் பட்டியலில் தாத்தாவைத் தேடித் தருகிறோம் என்பவர்களை நம்பாதீர்கள், எனக்கு 18,500 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரிதான் உறுதியாகத் தெரிந்தது, அதனால் கோபம் ஆறாமல்தான் எழுதுகிறேன். முன்னோர்களின் பழைய பதிவுகளைத் தேடித் தருவதாகச் சொல்லும் ஓர் இணைய சேவையிடம் 18,500 ரூபாய் கட்டி ஏமாந்துவிட்டேன்.

எங்கள் பாட்டியின் பெரியப்பா வட ஆற்காடு ஜில்லாவிலிருந்து சென்னைக்குப் போய், அங்கிருந்து தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நேட்டாலுக்குக் கப்பலேறியவர். ஐந்து வருஷ ஒப்பந்தம், கரும்புத் தோட்டம், அதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. திரும்பி வரவே இல்லை. பாட்டிக்கு இப்போது 91 வயது. ஆடி அமாவாசைக்கு "கப்பலேறிப் போனவருக்கும் ஒரு பிடி" என்று தனியாக ஓர் இலையில் சோறு வைப்பார்.

போனில் பேசிய பெண் ரொம்பப் பொறுமையாகக் கேட்டார். அப்பா பெயர், ஜாதி, தாலுகா, கிராமம், அப்புறம் "உடம்பில் தழும்பு ஏதாவது இருந்ததாகச் சொல்வார்களா சார்?" என்றார். அங்கேதான் விழுந்தேன். நேட்டால் கப்பல் பட்டியலில், அதாவது ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களைப் பதிந்த ஏட்டில், அங்க அடையாளம் எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரியும், விஷயம் தெரிந்தவர் பேசுகிறார் என்று நினைத்தேன். பாட்டியிடம் போனைக் கொடுத்தேன். இடது புருவத்துக்கு மேலே சூட்டுத் தழும்பு என்று பாட்டியின் அப்பா சொல்வாராம், அழுதுகொண்டே சொன்னார். அன்றைக்கே 7,500, "பதிவு கிடைத்துவிட்டது" என்று சொன்னதும் 11,000. மொத்தம் 18,500.

வந்தது தங்கக் கரை போட்ட ஒரு சான்றிதழ். ஊர், தாலுகா, தழும்பு எல்லாம் சரியாக இருந்தது. இருக்காதா, நாங்கள் சொன்னதைத்தானே திருப்பி எழுதியிருக்கிறார்கள்! அவர்களாகச் சேர்த்த ஒவ்வொன்றும் பொய். ட்ரூரோ கப்பலில் 1860-ல் வந்தாராம். ட்ரூரோதான் நேட்டாலுக்கு வந்த முதல் கப்பல், 1860 நவம்பர் 16 அன்று 342 பேரோடு டர்பனில் வந்து நின்றது. அன்றைக்குப் பாட்டியின் அப்பாவே பிறக்கவில்லை, அவருடைய அண்ணன் எப்படிக் கப்பலேறியிருப்பார்? காலனி எண், அதாவது வந்திறங்கிய ஒவ்வொருவருக்கும் வரிசையாகக் கொடுத்த எண், 87,000-க்கும் மேல். முதல் கப்பலில் வந்தவருக்கு அந்த எண் எப்படி வரும்? 1911 வரை போனவர்கள் எல்லோரையும் சேர்த்தாலே ஒன்றரை லட்சம் பேர்தான். மாதச் சம்பளம் 3 பவுனாம் (பிரிட்டிஷ் பணம், ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங்), வயிறு எரிகிறது. முதல் வருஷம் ஆண்களுக்கு மாதம் 10 ஷில்லிங்தான் கூலி. 3 பவுன் என்பது ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமலும் மறுபடி ஒப்பந்தத்தில் சேராமலும் இருந்தவர்கள் தலையில் 1895-ல் சட்டம் போட்டு வருஷா வருஷம் கேட்ட வரி. 1913-ல் நம்மவர்கள் சுரங்கத்திலும் தோட்டத்திலும் வேலையை நிறுத்தி அடிபட்டு, ஜெயிலுக்குப் போய், 1914-ல்தான் அதை ஒழித்தார்கள். அந்த வரியை எடுத்துச் சம்பளம் என்று எழுதியிருக்கிறார்கள்.

கேட்டால் முதலில் "ஆய்வாளர் லீவில் இருக்கிறார்". அப்புறம் "பழைய பதிவு சார், பிழை இருக்கத்தான் செய்யும்". மூன்றாவது முறை, மறுதேடலுக்கு இன்னும் 6,000 கட்டச் சொன்னார்கள். 18,500-ஐத் திருப்பிக் கேட்டதும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. நேட்டால் கப்பல் பட்டியல்கள் கணினியில் ஏற்றப்பட்டிருக்கின்றன, பணம் கட்டுவதற்கு முன் நீங்களே தேடுங்கள். தழும்பு, தகப்பன் பெயர் இரண்டையும் முதலில் சொல்லிவிடாதீர்கள், அவர்கள் சொல்லட்டும். சான்றிதழ் வேண்டாம், மூலப் பக்கத்தின் படம் கேளுங்கள். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போன கங்காணியோடு போனவர்களுக்கு இப்படி ஒப்பந்த எண்ணே கிடையாது, அதையும் எடுத்துத் தருகிறேன் என்றால் போனை வைத்துவிடுங்கள்.

பாட்டி அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லிவிட்டார். காலையில் அதற்குப் பூ வைத்தார். இன்னும் அவரிடம் சொல்லவில்லை.