கலங்கிப்போன கூலன்ட்: கம்பெனி சர்வீஸா, வெளி மெக்கானிக்கா, நாமே ஃபிளஷ் செய்வதா?

பானெட்டைத் திறந்தால் ரிசர்வ் டேங்கில் இருக்கும் கூலன்ட் (எஞ்சின் சூட்டைத் தணிக்கும் திரவம்) பழுப்பாகக் கலங்கி நிற்கிறது. வண்டி வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது, வாரண்டி இன்னும் பாக்கி. இந்த நிலையில் பெரும்பாலானவர்கள் மூன்றில் ஒன்றைச் செய்கிறார்கள். கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போவார்கள். தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டு சத்தமில்லாமல் ஃபிளஷ் செய்வார்கள், அதாவது பழையதை வடித்து, உள்ளே அலசி, புதுசு ஊற்றுவார்கள். அல்லது கடையில் ஒரு கேன் வாங்கிவந்து வீட்டு வாசலிலேயே மாற்றிவிடுவார்கள். என் ஓட்டு முதல் வழிக்குத்தான். ஆனால் வெறுங்கையோடு போனால் அது மூன்றிலும் மோசமான வழியாக மாறிவிடும்.

முதலில் எது கலந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் வழியே அதைப் பொறுத்துத்தான். எஞ்சின் முழுக்க ஆறியபிறகு (சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிக்கும் திரவம் முகத்தில் அடிக்கும்) ஒரு சுத்தமான கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் எடுத்து, ஓர் இரவு அசையாமல் வையுங்கள். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஆயில் கூலரிலோ (எஞ்சின் ஆயிலைக் குளிர்விக்கும் பாகம்) ஹெட் கேஸ்கெட்டிலோ (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதிக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு) கசிவு இருக்கலாம். அடியில் செம்மண் நிறத்தில் படிந்தால் துரு. யாரோ கூலன்டுக்குப் பதில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்திருக்கலாம். போர் தண்ணீர் என்றால் உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து உள்ளே காரை கட்டும். மேலேயும் போகாமல் கீழேயும் படியாமல் ஜெல்லி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தால், ஒத்துப்போகாத இரண்டு வகை கூலன்டுகள் கலந்திருக்க வாய்ப்பு. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் ரோஸ்மில்க் போலக் குழம்பி வந்தால் கியர் ஆயிலைச் சந்தேகப்படுங்கள். அப்போது வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம், டோயிங் கூப்பிடுங்கள்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பச்சை என்றால் பழைய வகை, சிவப்பு என்றால் புது வகை என்ற கணக்கெல்லாம் எல்லாக் கம்பெனிக்கும் பொருந்தாது. நிறம் வெறும் சாயம்தான். உள்ளே துருவைத் தடுக்கும் சேர்மானம் என்ன என்பதுதான் விஷயம், அது கையேட்டில் எழுதியிருக்கும். ஃபோக்ஸ்வாகனின் பழைய ஜி11-ஐயும் அதற்கு அடுத்து வந்த ஜி12-ஐயும் கலந்து பழுப்புச் சேறு ஆக்கிக்கொண்டவர்கள் ஏராளம். இரண்டுமே நல்ல கூலன்டுகள்தான், சேர்ந்தால்தான் வம்பு.

சரி, கம்பெனி சர்வீஸ். இதன் பலம் ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய பலம். தயாரிப்புக் குறையால் கசிகிற பாகம் என்றால், அது ரேடியேட்டரோ ஆயில் கூலரோ ஹெட் கேஸ்கெட்டோ, வாரண்டியில் பொதுவாக பாகத்துக்கும் கூலிக்கும் காசு கிடையாது. கூலன்ட் மட்டும் பொதுவாக வாரண்டியில் வராது, தேய்மானப் பொருள் என்பார்கள். கெட்ட பாகத்தை மாற்றும்போது ஊற்றுகிற கூலன்டையும் அதே வேலையில் சேர்க்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

பலவீனம் சர்வீஸ் அட்வைசரின் முதல் கேள்வியிலேயே வந்துவிடும்: “சார், வெளியில எங்கயாவது கூலன்ட் ஊத்தினீங்களா?” நல்ல கேள்விதான், ஆனால் பதில் என்னவாக இருந்தாலும் “கூலன்ட் கன்டாமினேட்டட், வாரண்டி கிடையாது” என்று முடிக்கிற இடங்களும் உண்டு. கலங்கல் இருக்கிறது என்பது வேறு, அதை யார் உண்டாக்கினார்கள் என்பது வேறு. வண்டியின் சொந்தப் பாகமே கூலன்டைக் கெடுத்த கதைகள் இருக்கின்றன. ஃபோக்ஸ்வாகன் வண்டிகள் சிலவற்றில் ரிசர்வ் டேங்கின் உள்ளேயே சிலிக்கா நிறைந்த சின்னப் பை ஒன்றை வைத்திருந்தார்கள். அது கிழிந்து, மணிகள் கூலன்டோடு ஓடி, ஹீட்டர் கோரை (வண்டிக்குள் சூடான காற்று தரும் சின்ன ரேடியேட்டர்) அடைத்துக்கொண்டது. அமெரிக்காவில் நிசான் பாத்ஃபைண்டரின் 2005 முதல் 2010 வரையிலான மாடல்களில் ரேடியேட்டருக்குள் இருந்த கியர் ஆயில் கூலர் விரிசல் விட்டு, கியர் ஆயிலும் கூலன்டும் ஒன்றாகக் கலந்தன. கியர் பாக்ஸே போனவர்கள் வழக்குக்குப் போனார்கள், கம்பெனி அந்த ரேடியேட்டருக்கான வாரண்டியை நீட்டிக்க வேண்டிவந்தது. இவற்றில் எதிலும் வெளியாள் கைவரிசை இல்லை.

அதனால் போகும்போது கையில் இருக்க வேண்டியவை: இதுவரை செய்த சர்வீஸ்களின் பில்கள், டேங்கின் புகைப்படங்கள், மூடி போட்டு தேதி எழுதி ஒட்டிய அந்த சாம்பிள் பாட்டில். பில்லில் ‘கூலன்ட் டாப்-அப்’ என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அந்த ஒரு வரிதான் கை கொடுத்தது. வெளியே ஊற்றியதாகச் சொன்ன அதே சர்வீஸ் சென்டர், முந்தின சர்வீஸில் அரை லிட்டர் ஊற்றிக் காசும் வாங்கியிருந்தது. அதைக் காட்டியதும் பேச்சு மாறிவிட்டது.

ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டர் எழுதும் வேலைச் சீட்டு) ‘ஜெனரல் செக்-அப்’ என்று எழுத விடாதீர்கள். ‘கூலன்ட் நிறம் மாறி எண்ணெய் மிதக்கிறது, காரணம் கண்டுபிடிக்கவும்’ என்று உங்கள் வாயால் சொன்னபடி எழுதவையுங்கள். அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்க்கும் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். எரிந்த வாயு கூலன்டில் கலக்கிறதா என்று பார்க்க ஒரு நீல நிறத் திரவம் உண்டு, வாயு பட்டால் நிறம் மாறும். அந்தச் சோதனையையும் கேளுங்கள். மறுத்தால் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாக மறுக்கிற பலர் எழுதித் தரத் தயங்குவார்கள் என்பதே பாதி வெற்றி.

வெளி மெக்கானிக்கிடம் போவதில் லாபமே இல்லையா என்றால், இருக்கிறது. கூலி குறைவு, வேலை அன்றைக்கே முடியும். கைதேர்ந்தவர் என்றால் கம்பெனி ஆளைவிடப் பொறுமையாக, தெளிந்த தண்ணீர் வரும்வரை திரும்பத் திரும்ப அலசுவார். வெளியே கொடுத்தாலே மொத்த வாரண்டியும் போய்விடும் என்ற பயமும் அவ்வளவு சரியில்லை. இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகள் மீது 2014-இல் போட்ட உத்தரவில், வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காகவே வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக்கூடாது, வெளி வேலையால் வந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனது தனிக் கதை.

ஆனாலும் நம் விஷயத்தில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஃபிளஷ் செய்த நிமிடமே ஆதாரம் சாக்கடைக்குப் போய்விடும். இரண்டு மாதம் கழித்து ஹெட் கேஸ்கெட் போனால், அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று காட்ட ஒன்றும் இருக்காது, காட்ட இருப்பது மெக்கானிக்கின் பில் மட்டும். அது உங்களுக்கு எதிராகத்தான் பேசும். எண்ணெய் கலந்திருந்தால் இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான கூலன்ட் ஹோஸ்கள் (குழாய்கள்) ஈபிடிஎம் என்ற ரப்பர் வகை. கூலன்டுக்கு அது கெட்டி, எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும். உள்ளே எவ்வளவு கழுவினாலும் ஊறிய ஹோஸ் பழையபடி ஆகாது. ஃபிளஷ் மட்டும் செய்து அனுப்பினால் கொஞ்ச காலம் நன்றாக ஓடி, ஏதாவது ஒரு நெடுஞ்சாலையில் ஹோஸ் வெடிக்கும். கசிவு இல்லை, தவறான கூலன்ட் கலந்ததுதான் காரணம் என்று உறுதியாகி, கம்பெனியும் எழுத்தில் மறுத்துவிட்டால், அப்போது வெளி மெக்கானிக்கே சிக்கனம். அதற்கு முன்னால் வேண்டாம்.

நாமே செய்வது? வாரண்டி வண்டியில் அளவு பார்ப்பதோடும் சாம்பிள் எடுப்பதோடும் நிறுத்திக்கொள்ளலாம். அடியில் திறந்துவிட்டால் எஞ்சின் பிளாக்கில் இருப்பது முழுதாக வராது, புதுசு ஊற்றினாலும் பழைய சேறோடுதான் கலக்கும். உள்ளே காற்று சிக்கிக்கொண்டால் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் திடீரென்று மேலே ஏறும். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பான விஷம், நாயும் குழந்தையும் நக்கிவிடும். சாம்பிளைக்கூட குடிதண்ணீர் பாட்டிலில் வைக்காதீர்கள்.

இன்சூரன்ஸைச் சிலர் நான்காவது வழியாகச் சொல்வார்கள். சாதாரண பாலிசியில் இயந்திரக் கோளாறுக்கு இடமில்லை. எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன் வைத்திருந்தாலும் அது முக்கியமாக வெள்ளத் தண்ணீர் புகுவது போன்றவற்றுக்குத்தான். பாலிசியைப் படித்துப் பாருங்கள், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

எந்த வழியானாலும், எச்சரிக்கை விளக்கு எரிந்தபிறகு “வீடுவரை போய்விடலாம்” என்று ஓட்டுவதுதான் வாரண்டியைத் தோற்கடிக்க எளிதான வழி. கோளாறு பதிவானபோது எஞ்சின் எவ்வளவு சூட்டில் இருந்தது என்பதை வண்டியின் கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கும். ஸ்கேனரை மாட்டினால் அட்வைசர் முன்னால் எல்லாம் வந்து நிற்கும்.

கம்பெனி மறுத்தால், அவர்களின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல், அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வண்டிக்குக் கொடுத்த விலை 5 லட்சத்தைத் தாண்டி 10 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். பொருளில் குறை இருக்கிறதா என்பது சோதனை இல்லாமல் தெரியாது என்றால், சாம்பிளை சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. அதனால் சர்வீஸ் சென்டர் கூலன்டை வடிக்கும் முன் அவர்கள் எதிரிலேயே இன்னொரு பாட்டில் நிரப்பி, இரு தரப்பும் மேலே கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்வது நல்லது.

வேலை முடிந்து வண்டி வந்தபிறகு, முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஆறிய எஞ்சினில் இரண்டு மூன்று முறை டேங்கைப் பாருங்கள். கழுவிய மிச்சம் லேசாக மிதப்பது சகஜம்தான். படலம் ஒவ்வொரு முறையும் தடித்துக்கொண்டே வந்தால் கசிவு இன்னும் அடைபடவில்லை. அதைப் புதுப் புகாராக எழுதாமல், பழைய ஜாப் கார்டு எண்ணைக் குறிப்பிட்டு ‘அதே குறை மீண்டும்’ என்று பதியவையுங்கள்.