விஏ இழப்பீட்டுக்கு எந்த மருத்துவர் கடிதம் நிற்கும்?

அமெரிக்க ராணுவத்தில் ஆறு வருடம் இருந்தேன். தேவையான மொழி தெரிந்த வெளிநாட்டவரைப் படையில் சேர்க்க 2009-ல் தொடங்கிய மாவ்னி திட்டத்தில் அவர்கள் தேடிய மொழிகளில் தமிழும் ஒன்று. அந்த வழியாகத்தான் உள்ளே போனேன். 2016-ல் அந்தத் திட்டம் நின்றுபோனது. அதில் சேர்ந்து வெளியே வந்தவர்களில் எனக்குத் தெரிந்த பலருக்கு முட்டி, முதுகு, காது என்று ஏதாவது ஒரு தொல்லை இருக்கிறது. அவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: விஏ எனும் முன்னாள் படைவீரர் நலத்துறையிடம், பணியால் வந்த பாதிப்புக்கு இழப்பீடு கேட்டு க்ளெய்ம் போடும்போது, காசு கொடுத்து வெளி மருத்துவரிடம் கடிதம் வாங்க வேண்டுமா? வாங்கினால் யாரிடம்?

எனக்கு ஏற்கெனவே வைத்தியம் பார்த்துவந்த எலும்பு மருத்துவரிடம்தான் நான் வாங்கினேன். இன்னொரு முறை போனாலும் அவரிடமே போவேன். ஆனால் அவர் என் மருத்துவர் என்பது அதற்குக் காரணம் இல்லை.

முதலில் என் கதை. 2013-ல் ராணுவ வண்டிகள் நிற்கும் மோட்டார் பூலில் லாரியின் பின்பலகையிலிருந்து வழுக்கி விழுந்தேன். இடது முட்டியில் அடி. அது அன்றைக்கே பதிவானதால் பிற்பாடு 10 சதவீதம் ரேட்டிங், அதாவது விஏ கணக்கிடும் பாதிப்பின் அளவு, சிக்கலில்லாமல் கிடைத்தது. சிக்கல் முதுகில் வந்தது. படையில் இருந்தவரை முதுகுவலி என்று ஒருநாளும் நான் மருத்துவப் பிரிவுக்குப் போனதில்லை. வருடக்கணக்கில் காலைத் தாங்கித் தாங்கி நடந்ததில் கீழ்முதுகு மெல்லக் கெட்டது. ஒரு பாதிப்பின் விளைவாக இன்னொன்று வந்தாலோ மோசமானாலோ அதற்கும் இழப்பீடு உண்டு. இதை செகண்டரி க்ளெய்ம் என்பார்கள். ஆனால் முட்டியால்தான் முதுகு போனது என்று ஒரு மருத்துவர் காரணத்தோடு சொல்ல வேண்டும். நெக்ஸஸ் கடிதம் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான்.

இருக்கிற வழிகளைப் பார்ப்போம்.

க்ளெய்மைச் சரிபார்க்க விஏ ஏற்பாடு செய்யும் சி அண்ட் பி என்ற மருத்துவப் பரிசோதனை இலவசம். வெளிக்கடிதம் கையில் இருந்தாலும் அழைத்தால் கட்டாயம் போக வேண்டும், போகாவிட்டால் அதையே வைத்து மறுத்துவிடலாம். அடிபட்டதும் பதிவில் இருக்கிறது, வலி தொடர்ந்ததும் பதிவில் இருக்கிறது என்றால் இது ஒன்றே போதும். என் முட்டிக்குப் போதுமானதாக இருந்தது. முதுகுக்குப் போதவில்லை. ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் மருத்துவர் இருபது நிமிடம் பார்த்தார். குனியச் சொல்லிக் கோணமானி வைத்து அளந்தார். அறிக்கையில் காரணம் என்று இருந்தது ஒரே வரி: வயதால் வரும் தேய்மானம். எனக்கு அப்போது 38 வயது. தாங்கி நடந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. முதுகு க்ளெய்ம் மறுக்கப்பட்டது.

விஏ மருத்துவமனையில் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமும் கேட்கலாம். பலர் தயங்குவார்கள். கேட்பதில் நஷ்டமில்லை.

அடுத்தது, கடிதம் எழுதித் தருவதையே தொழிலாக வைத்திருக்கும் இணைய நிறுவனங்கள். என்னோடு பணியாற்றிய மதுரைத் தம்பி ஒருவர் அப்படி ஒன்றில் 1,600 டாலர் கட்டினார். “அண்ணே, அவங்களே எல்லாம் பாத்துக்குவாங்க. நாம ஒரு படிவம் நிரப்பினா போதும்” என்றார். கடிதம் வந்ததும் எனக்கு அனுப்பினார். இரண்டு பக்கம். முதல் பக்கம் முழுக்க மருத்துவரின் பட்டங்கள். இரண்டாம் பக்கத்தில் தம்பி காயம்பட்ட வருடமே தவறு. காலாட்படையில் இருந்தவரை விமானப்படை என்று வேறு எழுதியிருந்தார்கள். அந்த க்ளெய்ம் நிற்கவில்லை. தவறான தகவல் மேல் கட்டிய மருத்துவக் கருத்துக்கு மதிப்பில்லை என்று முன்னாள் படைவீரர் கோரிக்கைகளுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் 1993-லேயே சொல்லிவிட்டது. எல்லா நிறுவனமும் இப்படி என்று நான் சொல்ல மாட்டேன். நேரம் எடுத்துக் கோப்பைப் படித்து எழுதுகிறவர்களும் உண்டு. ஆனால் உங்கள் பதிவுகளைக் கேட்டு வாங்காமல் முதலில் பணத்தை வாங்குகிறார்கள் என்றால் விலகிவிடுங்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கருத்து எழுத மருத்துவர் கட்டணம் வாங்குவதில் தவறில்லை. க்ளெய்மையே தயார் செய்து தருகிறோம், கிடைக்கிற இழப்பீட்டில் பங்கு கொடுங்கள் என்று விஏ அங்கீகாரம் இல்லாதவர்கள் கேட்பது வேறு. அதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. டிஏவி, அமெரிக்கன் லீஜன், விஎஃப்டபிள்யூ போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளின் பிரதிநிதிகள் அந்த வேலையை இலவசமாகவே செய்து தருகிறார்கள்.

இனி என் மருத்துவர். சொந்த மருத்துவர் சொன்னால் விஏ அப்படியே ஏற்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி ஒரு விதி கிடையாது. வைத்தியம் பார்த்தவர் என்பதற்காகவே கூடுதல் எடை கொடுக்க மாட்டார்கள். மருத்துவக் கருத்தின் மதிப்பு பெரும்பாலும் அதில் சொல்லப்படும் காரணத்திலிருந்து வருகிறது என்று அதே நீதிமன்றம் 2008-ல் தெளிவாகச் சொன்னது. கோப்பு முழுவதையும் படித்தாரா என்பதைவிட, தேவையான உண்மைகள் அவருக்குத் தெரியுமா, அதிலிருந்து முடிவுக்கு எப்படி வந்தார் என்பதைத்தான் பார்ப்பார்கள். நான்கு வழிகளையும் நிறுக்க வேண்டிய தராசு இதுதான். அச்சடித்த தலைப்புத்தாள், பட்டம், கட்டணம் எதுவும் இதற்கு ஈடாகாது.

அதனால் என் வேலை மருத்துவர் அறைக்குப் போவதற்கு முன்பே தொடங்கியது. ராணுவ மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்கினேன். நானூறு பக்கத்துக்கு மேல், பாதி தடுப்பூசியும் பல்லும். ஒரு சனி ஞாயிறு முழுக்கச் சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்து, மஞ்சள் ஒட்டுத்தாள் ஒட்டிக்கொண்டே போனேன். 2014-ல் ஒரு பிசியோதெரபி குறிப்பு, கையெழுத்து கோணல்மாணலாக. வலிக்காமல் இருக்க இடது காலைத் தாங்கி நடக்கிறார், உடல் எடை வலப்பக்கம் சாய்கிறது என்று எழுதியிருந்தது. அந்த அறையில் நான் கண்ணாடி முன்னால் நடந்து காட்டியது ஞாபகம் வந்தது. அந்தப் பக்கம், விழுந்த அன்றைய பதிவு, வெளியே வந்தபின் எடுத்த முதுகு எம்ஆர்ஐ அறிக்கை. இந்த மூன்றை மட்டும் மேலே வைத்து, மற்றதைக் கீழே வைத்துக் கொடுத்தேன்.

மருத்துவர் படித்துவிட்டுத் தயங்கினார். இதுதான் காரணம் என்று நூறு சதவீதம் அடித்துச் சொல்ல முடியாதே என்றார். நேர்மையான தயக்கம். விஏ நூறு சதவீதம் கேட்பதில்லை, ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் வாய்ப்பு சமமாக இருந்தாலே போதும், சமமாக இருந்தால் சந்தேகத்தின் பலன் படைவீரருக்கு என்று சட்டத்தில் இருக்கிறது என்று விளக்கினேன். அப்படியென்றால் தயங்காமல் எழுதலாம் என்றார். எழுதியது ஒன்றரைப் பக்கம். பிசியோதெரபி குறிப்பைத் தேதியோடு எடுத்துச் சொல்லி, தாங்கி நடப்பது கீழ்முதுகு மூட்டுகளில் சுமையை எப்படி ஒருபக்கமாக ஏற்றுகிறது என்று விளக்கி, வயது மட்டும் காரணமென்றால் தேய்மானம் ஒருபக்கம் கூடுதலாக இருக்க வேண்டியதில்லை என்று முடித்தார். முந்தைய பரிசோதனையின் ஒற்றை வரிக்கு அதுவே பதில். ஆலோசனைக் கட்டணத்தோடு எனக்கு ஆனது 400 டாலர்.

முதுகுக்கு 20 சதவீதம் கிடைத்தது. விஏ கணக்கில் இருபதும் பத்தும் சேர்ந்தால் 28, அதை 30 ஆக்குவார்கள். 30-லிருந்து மனைவி, குழந்தைகளுக்கும் சேர்த்துத் தொகை கூடும்.

என் அனுபவம் மூட்டு, முதுகு அளவோடு சரி. பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பின் வரும் மனஅழுத்த நோய்) போன்ற மனநலக் க்ளெய்மில் இதே கணக்கு பொருந்துமா என்று அனுபவத்தில் சொல்ல என்னால் முடியாது. அதில் போய்வந்தவரிடம் கேளுங்கள். பணியில் நச்சுப்பொருள் பட்டவர்களுக்கான 2022-ன் பேக்ட் சட்டம் பட்டியலிட்ட நோயாக இருந்து, அதில் சொன்ன இடத்தில் நீங்கள் பணியில் இருந்திருந்தால் நெக்ஸஸ் கடிதமே தேவையில்லை. அதற்குக் காசு செலவழிக்காதீர்கள். பணியோடு உள்ள தொடர்பை ஏற்றுக்கொண்டு சதவீதத்தை மட்டும் குறைத்திருந்தாலும் இந்தக் கடிதம் உதவாது. பாதிப்பின் அளவைக் காட்டும் டிபிக்யூ படிவத்தை மருத்துவரிடம் நிரப்பி வாங்குங்கள்.

அப்புறம், மறுப்பு வந்தபின் கடிதம் வாங்குகிறவர்கள் எந்தப் பாதையில் போடுகிறோம் என்று பார்த்துப் போடுங்கள். ஹையர் லெவல் ரிவ்யூ என்னும் மறுபரிசீலனையில் புதிய சான்று எதையும் பார்க்க மாட்டார்கள், நல்ல கடிதமும் அங்கே வீண். புதிய சான்றோடு போட வேண்டியது சப்ளிமெண்டல் க்ளெய்ம், படிவம் 20-0995. மறுப்பு வந்த ஒரு வருடத்துக்குள் போட்டுவிட்டால் முதல் க்ளெய்மின் தேதியையே காப்பாற்றிக்கொள்ளலாம். நான் பதினோராம் மாதத்தில் போட்டேன். நிலுவைத் தொகை முதல் தேதியிலிருந்தே வந்தது.