துருப்பிடித்த எம்எக்ஸ்-5: வாசலில் வைத்துச் சரிசெய்து, பல குளிர்காலம் ஓட்டிய பிறகு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரைத் துருவிலிருந்து மீட்பது வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய வேலைதான். ஷெட் வேண்டாம், லிஃப்ட் வேண்டாம். நேரத்தையும் காசையும் எதில் போடுகிறோம் என்பதுதான் முக்கியம். வெளியே பளபளக்கிற பெயிண்ட்டுக்குச் செலவழித்ததில் எனக்குப் பெரிய பலன் இல்லை. தண்ணீர் வடியும் வழிக்கும் தகட்டின் உட்புறத்துக்கும் பார்த்த வேலைதான் இன்றுவரை நிற்கிறது.

என்னுடையது 1992 மாடல். 1.6 லிட்டர் எஞ்சின், சிவப்பு நிறம், முகப்பு விளக்கு மேலே எழும்பி வரும் ரகம். இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில் ஓடிய கார், இப்போதும் அங்கேதான் ஓடுகிறது. 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் இந்த மாடலை மாஸ்டா அறிமுகப்படுத்தியது. லோட்டஸ் எலான் போன்ற பழைய பிரிட்டிஷ் திறந்த கார்களை மனதில் வைத்துச் செய்தது, எடை ஒரு டன்னுக்கும் குறைவு. ஆயில் ஒழுகுவது, ஒயரிங் மக்கர் பண்ணுவது போன்ற பிரிட்டிஷ் சீதனங்களை ஜப்பான்காரர்கள் நாசூக்காக ஒதுக்கிவிட்டார்கள். துருவை மட்டும் கூடவே எடுத்துக்கொண்டார்கள்.

துரு எங்கே வரும் என்பது இந்தக் காரில் ரகசியமே இல்லை. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதியை இங்கே சில் என்பார்கள். அதன் பின்முனை, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் இடம், முதலில் போகும். காரணம் மேலே இருக்கிறது. துணிக்கூரையில் விழும் மழைநீர் சீட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்காலில் சேர்ந்து, இரண்டு பக்கமும் குழாய் வழியாகக் கீழே இறங்கி வெளியேற வேண்டும். மரத்தடியில் நிறுத்திய காரில் இலைச் சருகும் பாசியும் அந்தக் குழாயை அடைத்துவிடும். தண்ணீர் வழிந்து உள்ளே இறங்கி, சில்லுக்குள் போய்த் தேங்கும். அங்கே காற்று இருக்கிறது, ஈரம் இருக்கிறது, வெயில் மட்டும் படாது. வெளிப்பக்கம் ஒரு சின்னக் கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதித் தகடு போயிருக்கும்.

இதோடு சாலை உப்பும் சேர்கிறது. குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்க இங்கே சாலையில் கல்லுப்பைத் தூவுவார்கள். அதில் பெரும்பங்கு செஷயரில் வின்ஸ்ஃபோர்ட் சுரங்கத்திலிருந்து வருவது. உப்பு கலந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதனால் இரும்பு அரிக்கும் வேகமும் கூடும். நம் ஊரில் கடலோரம் ஓடிய வண்டிகளின் அடிப்பாகத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் வாங்கியபோது காரின் சில் பார்வைக்குச் சுத்தமாக இருந்தது. காந்தத்தை வைத்தால் ஒட்டவில்லை. எந்தக் காலத்திலோ எந்தப் பட்டறையிலோ துருவை வெட்டி எடுக்காமல், ஓட்டைக்குள் ஃபைபர் துணியைத் திணித்து, மேலே தடிமனாகப் பட்டி (ஓட்டை அடைக்கும் பசை) போட்டு, கீழே கறுப்புத் தார்ப்பூச்சு அடித்திருந்தார்கள். கிரைண்டரில் கம்பி பிரஷ்ஷை மாட்டி ஓட்டியதும் பட்டி துண்டு துண்டாகப் பெயர்ந்தது. பின்னால் ஈரமாக, பழுப்பு நிறத்தில், தகடு ஏடு ஏடாகப் பிரிந்து கிடந்தது. திருப்புளியை அழுத்தினால் கைப்பிடிவரை உள்ளே போனது. அடியில் அடித்திருந்த தார்ப்பூச்சுதான் எனக்கு அதிகக் கோபம் தந்தது. துருவின் மேல் அதை அடித்தால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சிறைப்படும். பாதுகாப்பு என்று விற்கிறார்கள், பாதி நேரம் அது மூடி மறைக்கத்தான் உதவுகிறது.

இங்கே வருடாந்திரச் சோதனையான எம்ஓடியில் இதைச் சும்மா விடமாட்டார்கள். சீட் பெல்ட், சஸ்பென்ஷன் போன்றவை பிடித்திருக்கும் இடத்திலிருந்து 30 செ.மீ.க்குள் உடற்கட்டு துருவில் பலவீனப்பட்டிருந்தால் கார் தேறாது. பட்டியும் ஃபைபரும் செல்லாது, தகட்டை வைத்து முறையாக வெல்டிங் செய்திருக்க வேண்டும். காரைப் பொதுச்சாலையில் ஓட்டப்போவதில்லை என்று, வாகனப் பதிவைப் பார்க்கும் அரசு அமைப்பான டிவிஎல்ஏ அலுவலகத்துக்கு அறிவித்துவிட்டால் சாலை வரியும் காப்பீடும் இல்லாமல் சொந்த வாசலில் நிறுத்தி வேலை பார்க்கலாம். அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது வேலை இழுத்துக்கொண்டே போகும்போதுதான் தெரியும்.

வாசல் வேலைக்கென்று சில தொல்லைகள் உண்டு. தரை லேசான சரிவு, அதனால் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைக்காமல் எதையும் தொடுவதில்லை. தார் போட்ட தரை வெயில் நாளில் இளகி, காரைத் தாங்கும் ஸ்டாண்டின் கால்கள் அமுங்கும், எனவே அடியில் தடிமனான பிளைவுட். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்புறம் தார்ப்பாய். மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் தார்ப்பாயை இழுத்துக் கட்டினால் தரையிலிருந்து எழும் ஈரம் அதற்குள்ளேயே வியர்த்து, தேய்த்து வைத்த வெறும் தகட்டில் மறுநாள் காலையிலேயே செம்மை படிந்திருக்கும். பக்கங்கள் திறந்த மடக்குக் கூடாரம் எவ்வளவோ மேல். என் மனைவிக்கு இந்தக் கூடாரம் பிடிக்கவே இல்லை. "என்னங்க, பார்க்கிறவங்க நம்ம வீட்ல என்ன விசேஷம்னு கேக்கிறாங்க" என்றாள்.

வெல்டிங்கில் வாசலின் பெரிய எதிரி காற்று. கம்பி தானாக வந்து உருகும் மிக் வெல்டிங்கில் ஆர்கானும் கரியமில வாயுவும் கலந்த கேஸ்தான் உருகும் இரும்பைக் காற்றிலிருந்து காக்கும். மெல்லிய காற்று வீசினாலே அந்தக் கேஸ் கலைந்து, ஒட்டு ரவா தோசை மாதிரி பொத்தல் பொத்தலாக வரும். கூடாரத்தின் ஒரு பக்கத்தை வெல்டிங் போர்வையால் மறைத்து, கேஸ் அளவைக் கொஞ்சம் கூட்டி வைத்ததில் சரியானது. கேஸ் இல்லாத ஃபிளக்ஸ் கம்பி காற்றுக்குத் தாங்கும் என்பார்கள், உண்மைதான். ஆனால் இவ்வளவு மெல்லிய தகட்டில் அது சூட்டை அதிகமாக இறக்கி ஓட்டை போடுகிறது. என் கருத்தில் 0.6 மி.மீ. கம்பி, 1 மி.மீ. தகடு, கேஸ் சிலிண்டர், இதுதான் சரியான கூட்டணி. ஒரே இழுப்பில் ஒட்டாமல் புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி வைத்தால் தகடு நெளியாது.

திறந்த காருக்கு மேலே கூரைத் தகடு இல்லை, காரின் விறைப்பில் பெரும்பங்கைச் சில்தான் தாங்குகிறது. அதை வெட்டும்போது நடு வயிறு தொய்ந்துவிட்டால் கதவு பிறகு மூடவே மூடாது. அதனால் கதவு இடைவெளியில் இரும்புக் குழாயைக் குறுக்கே பிடித்து, ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பிறகே மறுபக்கத்தை வெட்டினேன். வெட்டுவதற்கு முன் கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை அளந்து மாஸ்கிங் டேப்பில் எழுதி அங்கேயே ஒட்டி வைத்திருந்தேன். ஒவ்வொரு துண்டு ஒட்டிய பிறகும் சரிபார்க்க அது உதவியது. பேட்டரி இந்தக் காரில் டிக்கியில் இருக்கும், கழற்றிவிட வேண்டும். பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

வெல்டிங்கை விட என் பொறுமையைச் சோதித்தது பின்சக்கரத்தின் கீழ் விஷ்போன் (சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கை) போல்ட். நீளமான போல்ட், புஷ் எனும் ரப்பர் உறையின் இரும்புக் குழலுக்குள்ளேயே துருப்பிடித்து ஒன்றாகிவிட்டிருந்தது. நட்டு ஒழுங்காகக் கழன்று வந்தது, போல்ட் மட்டும் அசையவில்லை. ஊடுருவும் எண்ணெயை வாரக்கணக்கில் விட்டேன், டார்ச்சில் சூடாக்கினேன், சுத்தியலால் அடித்தேன். தலையைத் திருப்பினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு போய், விட்டதும் சுருக்கென்று பழைய இடத்துக்கே திரும்பும். கடைசியில் ரம்பத்தின் நீள பிளேடை இடுக்கில் விட்டு இரண்டு பக்கமும் அறுத்து எடுத்தேன். புதுப் போல்ட்டும் புதுப் புஷ்ஷும் கைவசம் வைத்துக்கொண்டுதான் இந்த வேலையைத் தொட வேண்டும். மாட்டும்போது போல்ட் முழுக்க செம்புக் கிரீஸ் பூசினேன். பிறகொரு முறை கழற்ற வேண்டி வந்தபோது சாதாரண ஸ்பேனருக்கே வந்துவிட்டது.

எஞ்சினைப் பற்றி எழுத அதிகம் இல்லை, அதுதான் இந்தக் காரின் பெருமை. டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், சீல்கள் மாற்றினேன். இந்த 1.6 எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது. பிரேக் பேடை அழுத்திப் பிடிக்கும் பின் பிரேக் காலிப்பர் மட்டும் கவனம்: அதன் பிஸ்டனைக் கிளாம்ப் வைத்து அழுத்தக் கூடாது, பின்னால் மூடிபோல்ட்டுக்குள் இருக்கும் 4 மி.மீ. ஆலன் திருகைத் திருப்பித்தான் உள்ளே இழுக்க வேண்டும். உதிரிபாகம் கிடைப்பது கவலையே இல்லை. 2016-இல் பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 தயாரானது, இவ்வளவு விற்ற காருக்கு எல்லாம் யாராவது செய்துகொண்டே இருக்கிறார்கள்.

இனி, காலம் சொன்ன தீர்ப்பு. துருவை மாற்றும் திரவங்களில் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ மேலே படிந்த மெல்லிய துருவைக் கறுப்பாக்கி நிறுத்தும், அவ்வளவுதான். ஏடு பிரிந்த துருவின் அடியை அது தொடாது. அப்படி அவசரத்தில் முடிக்கப்பட்ட இடங்களில் இரண்டாவது குளிர்காலத்துக்கே மறுபடியும் கொப்புளம். பளிச்சென்று வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, எபாக்சி பிரைமர் அடித்து, இணைப்புகளில் சீம் சீலர் என்னும் அடைப்புப் பசை இட்ட இடங்கள் அப்படியே இருக்கின்றன.

எல்லாவற்றையும் விட உதவியது உட்புற மெழுகு. பில்ட் ஹாம்பர் நிறுவனத்தின் டைனாக்ஸ் எஸ்50 பயன்படுத்தினேன். நீண்ட மெல்லிய குழாயின் முனையில் சுற்றிலும் தெளிக்கும் துளைகள் உண்டு. அதைச் சில்லின் மறுமுனைவரை விட்டு, அழுத்திக்கொண்டே மெதுவாக இழுக்க வேண்டும். வெயில் நாளில் அடித்தால் மெழுகு இணைப்பின் இடுக்குகளுக்குள் தானாக ஓடும். கீழே உள்ள வடிகால் துளையில் பழுப்பாகச் சொட்டினால் உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். சொட்டி நின்றதும் அந்தத் துளையைக் குத்தித் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மெழுகே அடைப்பாகிவிடும். சமீபத்தில் உள்நோக்கும் சிறு கேமராவை விட்டுப் பார்த்தேன், வெல்டிங் கோடுகளின் மேல் மெழுகு இன்னும் பிசுபிசுப்பாகவே இருக்கிறது.

வடிகால் குழாய்களை இலையுதிர் காலம் முடிந்ததும் தடித்த நைலான் கயிறு விட்டுச் சுத்தம் செய்து, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, கீழே சரசரவென்று வருகிறதா என்று பார்ப்பேன். குளிர்காலத்தில் உப்பு போட்ட சாலையில் ஓட்டினால் அடிப்பாகத்தைக் குழாய்த் தண்ணீரில் அலசுவேன். உப்புக்குப் பயந்து காரை வீட்டிலேயே பூட்டி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பெயிண்ட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் குறை. ஸ்ப்ரே டப்பாவில் அடித்த சிவப்பு பழைய சிவப்போடு இன்னும் ஒத்துப்போகவில்லை, வெயிலில் நின்று பார்த்தால் கீழ்ப்பாதி தனியாகத் தெரியும். பின்சக்கர வளைவின் உதட்டில் ஒரு பக்கம் மறுபடி சின்னதாகத் துரு எட்டிப்பார்க்கிறது. கல் தெறிக்கும் இடம் என்பதால் எதிர்பார்த்ததுதான், வரும் கோடையில் தேய்த்துவிட்டு மறுபடி பூசுவேன்.

இப்படியொரு காரை வாங்கப் போகிறவர்கள் எஞ்சின் சத்தத்தைப் பிறகு கேட்கலாம். ஒரு காந்தமும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு போங்கள். பின்சக்கரத்துக்கு முன்னால் சில்லின் அடியில் கைவிட்டுத் தடவுங்கள், தார்ப்பூச்சு புதிதாகப் பளபளத்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். சீட்டுக்குப் பின்னால் தரைவிரிப்பைத் தூக்கி ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். இரண்டாம் தலைமுறைக் கார் என்றால் முன்பக்க சேசிஸ் பட்டைகளையும் கட்டாயம் பார்க்க வேண்டும். அங்கே தகடு இரட்டை அடுக்கு, துரு நடுவில் உட்கார்ந்துகொள்ளும், வாசலில் வைத்துச் செய்ய நான் துணியமாட்டேன்.